முளைநெல்லும் நொய்யும்: வீட்டிலேயே மால்ட் போட்டு அரிசிப் பாகு காய்ச்சுவது எப்படி?

பீர் காய்ச்சுகிறவர்கள் செய்யும் வேலையில் பாதி, ஈஸ்ட்டைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். தானியத்தை முளைகட்டுவது, காயவைப்பது (இப்படி முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட்), உடைப்பது, குறிப்பிட்ட சூட்டில் வைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது, சாற்றை வடிப்பது எல்லாம் அந்த முதல் பாதி. இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது அது மட்டும்தான். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குத்தானே, ஒரு பாட்டில்தானே என்ற சமாதானம் செல்லாது. ஆகவே ஈஸ்ட் போட வேண்டிய இடம் வந்ததும் அடுப்பை மூட்டிச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிவிடுவோம். பால், கூழ், பணியாரம், கடலை மிட்டாய் என்று பல வகையில் பயன்படும் பாகு அது.

பீருக்குப் பார்லி. காவிரி டெல்டாவில் நெல்லும் நொய்யும் இருக்கின்றன, அவையே போதும். விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டிய கை இந்த வேலையில் பாதியை ஏற்கெனவே கற்றிருக்கும். ஆனால் அந்தப் பழக்கமே ஓரிடத்தில் ஏமாற்றவும் செய்யும். நாற்றங்காலுக்கு முளை எட்டிப்பார்த்தால் போதும், அப்போதே கொண்டுபோய் விதைத்துவிடுவோம். மால்ட்டுக்கு அதற்கப்புறம்தான் முக்கியமான நாட்கள்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. பாகின் இனிப்பில் பெரும்பகுதி முளைநெல்லிலிருந்து வருவதில்லை, நொய்யில் இருக்கும் மாவுச்சத்திலிருந்து வருகிறது. முளைநெல்லின் வேலை அந்த மாவுச்சத்தை வெட்டும் நொதிகளைத் தருவது. 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் முளைத்த பார்லியின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட நொதி. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த நொதியை வளர்ப்பதற்கோ, அது தன் வேலையை முடிக்கும்வரை சாகாமல் காப்பதற்கோதான். ஆல்பா அமிலேஸ் நீளமான மாவுச்சத்துச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கும். பீட்டா அமிலேஸ் அந்தத் துண்டுகளின் நுனியிலிருந்து மால்டோஸ் என்ற சர்க்கரையைக் கழற்றும். முன்னது 70 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும். பின்னது 65ஐத் தாண்டினாலே தளர ஆரம்பித்து, 70இல் சீக்கிரம் செத்துவிடும்.

தேவையானவை

நெல் 500 கிராம். இதில் 375 முதல் 400 கிராம் மால்ட் கிடைக்கும். ஒரு முறைக்கு 250 கிராம்தான் வேண்டும், மீதி அடுத்த தடவைக்கு. நொய் ஒரு கிலோ. தண்ணீர் ஆறு லிட்டர். பத்து லிட்டர் பிடிக்கும் அடிகனமான மூடி போட்ட பாத்திரம். அந்தப் பாத்திரம் உள்ளே உட்காரும் அளவுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி. மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கும் பெட்டியே போதும், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை மல் துணி இரண்டு முழம். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் கரைசல் ஒரு சின்னக் குப்பி. தண்ணீரின் அமில, காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பி.எச். தாள் இருந்தால் நல்லது.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். விரலை விட்டுப் பார்த்துச் சூடு சொல்லும் அனுபவம் இங்கே உதவாது. 60 டிகிரிக்கும் 72 டிகிரிக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டும் சுடும், அவ்வளவுதான். நொதிக்கோ அது வாழ்வா சாவா என்ற வித்தியாசம். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். டெல்டா கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி என்பதால் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் அந்த இரண்டு டிகிரியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நெல்?

விதைக் கடையில் மூட்டையாக வாங்கிய நெல் கூடவே கூடாது. கார்பென்டாசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லியால் விதை நேர்த்தி செய்யப்பட்டிருக்கும். கழுவினாலும் அது சாப்பிடும் பொருள் இல்லை. வீட்டு நெல், அல்லது தெரிந்த விவசாயியிடம் சாப்பாட்டுக்கென்று வைத்திருக்கும் நெல் வாங்குங்கள். புழுக்கிய நெல் முளைக்காது என்பது சொல்லாமலே தெரியும்.

அறுத்த கையோடு முளைகட்டினாலும் சரியாக வராது. பல ரகங்களுக்கு அறுவடைக்குப் பின் சில வாரங்கள் விதை உறக்கம் உண்டு. தை, மாசியில் அறுத்த சம்பா, தாளடி நெல்லைக் காயவைத்து ஒன்றரை, இரண்டு மாதம் மூட்டையில் வைத்த பிறகு எடுப்பது பாதுகாப்பு. குறுவையில் ஐப்பசி மழைக்குச் சிக்கி வயலிலேயே முளைவிட்ட நெல்லை, எப்படியும் வீணாகத்தானே போகிறது என்று இதற்குப் பயன்படுத்தத் தோன்றும். வேண்டாம். அதில் ஒரு மணி முளைத்திருக்கும், பக்கத்து மணி அழுகியிருக்கும், பூஞ்சணம் கண்டிப்பாக இருக்கும்.

ரகம் பெரிய விஷயமில்லை. ஆடுதுறை ரகங்களோ, சி.ஆர். 1009ஓ, மாப்பிள்ளைச் சம்பாவோ, முளைப்புத்திறன்தான் கணக்கு. நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி நான்கு நாள் வையுங்கள். 90க்கு மேல் முளைத்தால் தொடங்கலாம். 80க்குக் கீழே போனால் வேறு நெல் தேடுங்கள்; முளைக்காத மணி ஈரத்தில் சும்மா கிடக்காது, பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும்.

நெல் கிடைக்காவிட்டால் கேழ்வரகு அருமையான மாற்று. இரண்டு மூன்று நாளில் தயாராகிவிடும், நொதியும் நன்றாக இருக்கும். முழுக் கோதுமையும் ஆகும்; அதில் பீட்டா அமிலேஸ் அதிகம். குளூட்டன் ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால் கோதுமையைத் தவிர்க்கவும். மளிகைக் கடையில் வெள்ளையாக உருட்டி விற்கும் பார்லி முளைக்காது, அது தோலோடு முளையும் நீக்கப்பட்டது. வெள்ளைச் சோளத்தை இதற்கு எடுக்காதீர்கள். அதன் இளம் முளையில் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது.

ஊறவைத்து முளைகட்டுதல்

நெல்லைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, மிதக்கும் பதரை அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். பிறகு எட்டு மணி நேரம் ஊறல், ஒரு மணி நேரம் வடிகட்டிக் காற்றில் வைத்தல், புதுத் தண்ணீரில் மறுபடி எட்டு மணி நேரம் என்று மொத்தம் 24 மணி நேரம். இடையில் காற்றாட விடுவதைத் தவிர்க்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மணிக்குள் மூச்சு முட்டிப் புளிப்பு வாடை வரும், முளையும் ஒரே சீராக வராது. ஊறி வடிந்ததும் 500 கிராம் நெல் ஏறக்குறைய 650 கிராம் நிற்க வேண்டும். தராசு பொய் சொல்லாது. 600தான் இருக்கிறது என்றால் இன்னும் நான்கு மணி நேரம் ஊறட்டும்.

வெந்நீரில் அலசிக் காயவைத்த சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து, நிழலான அறையில் விரித்து, அதன்மேல் நெல்லை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, இன்னொரு ஈரச் சாக்கால் மூடுங்கள். நாற்றங்காலுக்குச் செய்வதுபோல மூட்டையாகக் கட்டி வைக்கக் கூடாது. முளைக்கும் தானியம் தானே சூடாகும். மூட்டையின் நடுவில் கை வைத்தால் தெரியும். ஒரே நாளில் விதைக்கிற நெல்லுக்கு அந்தச் சூடு நல்லது. ஐந்து நாள் வைக்கும் நெல்லை அது அவித்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று முறை கையால் புரட்டி, தண்ணீர் தெளியுங்கள். புரட்டாவிட்டால் மூன்றாம் நாள் வேர்கள் பின்னிப் பாயாகிவிடும், பிரிக்க முடியாது. அறைச் சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால் உத்தமம். கத்திரி வெயில் காலத்தில் டெல்டாவில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. 35ஐத் தாண்டினால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் முளை நன்றாக வரும், காயவைக்க வெயில் கிடைக்காது. பங்குனிக்குள் முடித்துக்கொள்வது ஒரு வழி. இல்லாவிட்டால் நெல்லை வைத்திருந்து ஆடி, ஆவணியில் செய்யலாம்.

மூன்றாம் நாள் வாக்கில் புதியவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டும் ஒரு காட்சி வரும். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்ததுபோல் இருக்கும். அது பெரும்பாலும் பூஞ்சணம் இல்லை, வேர்த்தூவி. பிரித்தறிவது சுலபம். தண்ணீர் தெளியுங்கள், வேர்த்தூவி வேரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறையும், காய்ந்ததும் மறுபடி தெரியும். வேர் முழுக்க ஒரே சீராக இருக்கும், வாடை பச்சைப் புல் வாடையாக இருக்கும். பூஞ்சணம் அப்படி அல்ல. வேரில்லாத உமியின் மேலும், முளைக்காத மணியின் மேலும் திட்டுத் திட்டாகப் படரும். சாம்பல், பச்சை, கறுப்பு என்று நிறம் காட்டும். மக்கல் வாடை அடிக்கும். ஒன்றிரண்டு மணியில் என்றால் சுற்றியுள்ளவற்றோடு பொறுக்கி எறியலாம். பரவலாக இருந்தால் முழுவதையும் குப்பையில் போடுங்கள். மாட்டுக்கும் வைக்க வேண்டாம். சில பூஞ்சணங்களின் நஞ்சு காய்ச்சினாலும் போகாது.

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள், முளைக்குருத்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும்போது நிறுத்துங்கள். குருத்து வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை ஏறியிருந்தால் வெளிச்சம் பட்டுவிட்டது. புல் வாடை பாகுவரை வரும். ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் அரிசி நெறுநெறுக்காமல் மாவாகக் குழைந்தால் நொதி உள்ளே புகுந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

காயவைத்தல்

மால்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அதுவும் அவசரத்தில். ஈரமாக இருக்கும்போது நொதி சூட்டைத் தாங்காது, காய்ந்த பிறகு ஓரளவு தாங்கும். சித்திரை மதியம் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியுமா? ஈர முளைநெல்லை அங்கே கொட்டினால் அதற்கும் அதே கதிதான். முதல் நாள் முழுக்க நிழலில், மின்விசிறிக்குக் கீழே, துணியில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்துங்கள். இரண்டாம் நாள் காலை வெயிலில் பத்து மணிவரை, பிறகு மாலை வெயில். தெர்மாமீட்டரை நெல்லுக்குள் செருகிப் பார்த்தால் 45ஐத் தாண்டக் கூடாது. மூன்றாம் நாள் எந்த வெயிலானாலும் பரவாயில்லை. கடித்தால் ‘டொக்’கென்று உடைய வேண்டும்.

காய்ந்ததும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வேரும் குருத்தும் உதிரும். முறத்தில் புடைத்து எடுத்துவிடுங்கள், அவை கசக்கும்.

வறுக்கக் கூடாது. குழந்தைக்குக் கொடுக்கும் கேழ்வரகு மால்ட்டை முளைகட்டி வறுத்து அரைப்பது வழக்கம். வாசனைக்கு அது சரி, ஆனால் வறுபட்டதில் நொதி உயிரோடு இருக்காது. கடையில் டப்பாவில் வரும் மால்ட் மாவும் அப்படித்தான். அதைப் போட்டுவிட்டுக் கஞ்சி இனிக்கவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை.

உடைத்து, சோதித்து

மிக்ஸியில் விட்டு விட்டு மூன்று நான்கு சுற்று. ரவை அளவுக்கு உடைந்தால் போதும், உமி முழுசாக இருக்கட்டும். பின்னால் வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டி. நைசாக அரைத்தால் உமித்தூள் பாகில் இறங்கி நறநறக்கும், கசப்பும் சேரும். மாவு மில்லில் கொடுக்க வேண்டாம். முன்னால் அரைத்த மிளகாய்த்தூள் உங்கள் பாகுக்கு வந்து சேரும்.

ஒரு கிலோ நொய்யைப் பணயம் வைப்பதற்கு முன்னால் சின்னச் சோதனை ஒன்று. 50 கிராம் நொய்யை கால் லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து, 65 டிகிரிக்கு ஆறவைத்து, ஒரு மேசைக்கரண்டி மால்ட்டைக் கலந்து, வெந்நீரில் அலசிய பிளாஸ்க்கில் ஊற்றி மூடுங்கள். 20 நிமிடம் கழித்துக் கவிழ்த்தால் தண்ணீராக ஓட வேண்டும். கட்டியாகவே இருந்தால் மால்ட் சரியில்லை: முளை போதவில்லை, அல்லது காயவைக்கும்போது சூடு ஏறிவிட்டது.

தண்ணீர்

கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாக இருக்கும், பி.எச். உயர்ந்திருக்கும். இந்த நொதிகளுக்குப் பிடித்த பி.எச். 5.2 முதல் 5.6வரை. ஏழுக்கு மேலே போனால் வேலை நத்தை வேகத்தில் நடக்கும். அப்படிப்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறி அடியில் வெள்ளை படிந்ததும் மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் மால்ட் கலந்த கஞ்சியில் பி.எச். தாள் ஆறுக்கு மேல் காட்டினால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கலக்கி மறுபடி பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ச்சினால் இன்னும் உப்பாகும், அங்கே ஆர்.ஓ. கேன் தண்ணீர் வாங்க வேண்டியதுதான். ஆனால் வெறும் ஆர்.ஓ. நீரில் கால்சியம் கிட்டத்தட்ட இருக்காது, ஆல்பா அமிலேஸுக்குக் கொஞ்சம் கால்சியம் தேவை. கால் பங்கு சாதாரணக் குடிநீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சியும் சூடும்

பார்லியின் மாவுச்சத்து 60, 65 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால்தான் பீர்க்காரர்கள் பார்லி மால்ட்டை நேராக வெந்நீரில் போடுகிறார்கள். அரிசியின் மாவுச்சத்து இளக, ரகத்தைப் பொறுத்து, 70, 75க்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் நொதி தாங்காது. எனவே அரிசியை முதலில் வேகவைத்து, ஆறவைத்து, அப்புறம் மால்ட்.

நொய்யைக் கழுவி நான்கு லிட்டர் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். ஒரு கிலோ நொய் வெந்து கெட்டிப்படும்போது கரண்டி திரும்பாது, அடிபிடிக்கும். பீர் ஆலைகளில் அரிசி சேர்க்கும்போது செய்யும் உத்தி இதற்குக் கைகொடுக்கும். 250 கிராம் மால்ட்டில் 30 கிராமை மட்டும் ஆரம்பத்திலேயே நொய்யோடு போட்டுவிடுங்கள். சிறுதீயில் 70 டிகிரிக்குக் கொண்டுவந்து, 15 நிமிடம் அங்கேயே நிறுத்திக் கிளறிக்கொண்டிருங்கள். இளகும் மாவை இந்த மால்ட் உடனுக்குடன் அறுத்துக்கொடுக்கும், கஞ்சி தளர்வாகவே இருக்கும். பிறகு கொதிக்கவிட்டு அரை மணி நேரம் வேகவையுங்கள். இந்த 30 கிராமின் நொதி கொதியில் செத்துப்போகும். அதன் வேலை முடிந்தது, போகட்டும்.

அடுப்பை அணைத்து, 70 டிகிரிக்கு இறங்கும்வரை அவ்வப்போது கிளறுங்கள். மேலே 68 காட்டும்போது நடுவில் 80 இருக்கும், கிளறிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். மீதி 220 கிராம் மால்ட்டை அரை லிட்டர் சாதாரணத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். சூடு 65க்கு வந்து நிற்கும். 67க்கு மேல் இருந்தால் அரை டம்ளர் தண்ணீர் விடுங்கள்.

தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை இறக்குவதற்கு முன், பெட்டியில் கொதிநீர்ப் பாத்திரம் ஒன்றைக் கால் மணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். இடைவெளியில் பழைய துணி அடைத்து மூடுங்கள். பெட்டி இல்லாதவர்கள் பெரிய கூடையில் உமி நிரப்பி நடுவில் பாத்திரத்தைப் புதைத்தாலும் சூடு நிற்கும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரின் ‘வார்ம்’ நிலையை நம்புவதற்கு முன் அதில் வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் வைத்து அளந்து பாருங்கள். 70ஐத் தாண்டினால் உதவாது.

நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். மணிக்கு ஒரு முறை திறந்து கிளறி அளவு பாருங்கள். 58க்கு இறங்கிவிட்டால் மொத்தப் பாத்திரத்தையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். அடியில் சூடு ஏறி அங்கிருக்கும் நொதி போய்விடும். ஜெர்மானியர்களின் பழைய வழி ஒன்று உண்டு. கலக்காமல், அடியில் தங்கியிருக்கும் கெட்டியில் ஒரு லிட்டர் மட்டும் அள்ளித் தனியாகக் கொதிக்கவைத்து, திரும்ப ஊற்றிக் கலக்கினால் மொத்தமும் 63, 64க்கு வந்துவிடும். மேலாக நிற்கும் தெளிவை எடுக்கக் கூடாது. நொதி கரைந்திருப்பது அதில்தான். 50க்குக் கீழே இறங்க விட்டால் புளிக்கவைக்கும் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். புளித்தபின் பாகு காய்ச்சினால் புளிப்பும் சேர்ந்தேதான் சுண்டும்.

அயோடின்

ஒரு மணி நேரத்திலேயே இனிக்கும். நாக்கை நம்பி வடித்துவிடாதீர்கள். பாதி மாவுச்சத்து மாறாமல் இருக்கும்போதே இனிப்பு தெரியும். அப்போது வடித்துக் காய்ச்சினால் கடைசியில் பசைதான் கிடைக்கும்.

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு, தெளிந்த சாற்றில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, முழுக்க ஆறவையுங்கள். பொவிடோன் அயோடினை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் வந்தால் மாவுச்சத்து பாக்கி. ஊதா, சிவப்பு என்றால் பாதிவழி. அயோடினின் சொந்தப் பழுப்புமஞ்சள் மாறாமல் நின்றால் முடிந்தது. இரண்டு இடத்தில் தவறுவார்கள். சூடான சாற்றில் மாவுச்சத்து இருந்தாலும் நீலம் தெரியாது, முடிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். உமித்துண்டோ அரிசித்துணுக்கோ தட்டில் விழுந்தால் அது எப்போதும் கறுக்கும், முடியவில்லை என்று வீணாகக் காத்திருப்போம். சோதித்த சாற்றைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றக் கூடாது.

ஆறு மணி நேரமாகியும் நீலமாகவே இருந்தால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சூட்டை 65க்குக் கொண்டுவந்து, மீந்த மால்ட்டில் 50 கிராம் போட்டு இரண்டு மணி நேரம் வையுங்கள். மால்ட்டை அரிசியோடு சேர்த்து மொத்தமாக வேகவைத்துவிட்டவர்களுக்கும் இதே பரிகாரம்தான். 50 கிராமுக்குப் பதில் 200 கிராம் வேண்டியிருக்கும்.

வடித்தல்

துணியை ஓட்டைப் பாத்திரத்தில் விரித்து, கலக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். முதலில் கலங்கலாக ஓடும். அதைப் பிடித்து மேலேயே திரும்ப ஊற்றினால், உமி படிந்து படுகையானபின் தெளிவு வரும். ஓட்டம் நின்றதும் 75 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டரை மேலாகத் தெளித்து, சக்கையில் தங்கிய இனிப்பையும் இறக்குங்கள். கொதிநீர் ஊற்றினால் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். கடைசியில் லேசாகப் பிழியலாம், முறுக்கிப் பிழிந்தால் பாகு கலங்கும்.

மொத்தம் நாலரை முதல் ஐந்து லிட்டர் சாறு வரும். சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் 13 முதல் 15 பிரிக்ஸ், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய அத்தனை பங்கு சர்க்கரை, காட்டும். வழக்கமான பீரின் சாறு 12 வாக்கில் இருக்கும். சக்கையை மாட்டுக்கோ கோழிக்கோ அன்றைக்கே, மற்ற தீனியோடு கலந்து கொஞ்சமாக வையுங்கள். மறுநாள் புளித்துவிடும்.

சாற்றை ராத்திரி வைத்துக் காலையில் காய்ச்சலாம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் அது தானாகவே பொங்கிப் புளிக்கும்.

பாகு

வாயகன்ற உருளியோ வாணலியோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் நுரை பொங்கும். புரதம் திரண்டு மேலே வரும் அழுக்கை அள்ளிக்கொண்டே இருந்தால் பாகு தெளிவாக இருக்கும். அதன்பின் ஒன்றரை மணி நேரம் வேகமான தீ, கவலையில்லை. குமிழி சின்னதாக இருந்தது பெரிதாகி, சோம்பலாக உடைய ஆரம்பிக்கும்போது தீயைக் குறைத்து, அடியைச் சுரண்டியபடியே நில்லுங்கள். மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். கடைசி கால் மணி நேரத்தில் போன் எடுக்கப் போனால் தீய்ந்துவிடும்.

தெர்மாமீட்டர் 106 காட்டும்போது இறக்குங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் கோடு போட்டால் கோடு மெதுவாகத்தான் மூட வேண்டும். 104இல் இறக்கினால் நீர்த்துப் போய்ச் சில வாரங்களில் நுரைக்கும். 110ஐத் தாண்டினால் ஜாடியிலிருந்து கரண்டியால் எடுக்க முடியாது. அப்படி ஆகிவிட்டால் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கலாம். முக்கால் கிலோவிலிருந்து 850 கிராம்வரை பாகு கிடைக்கும். அரை கிலோதான் வந்தது என்றால் இனிப்பு சக்கையிலேயே தங்கிவிட்டது, அடுத்த முறை வெந்நீரை அவசரமில்லாமல் ஊற்றுங்கள்.

கொதிநீரில் வேகவைத்துக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் வெளியிலேயே இரண்டு மாதம் நிற்கும். மேலே குமிழி வந்தால் பதம் போதவில்லை. வாடை மாறாதிருந்தால் மறுபடி 106வரை காய்ச்சலாம், சாராய வாடையோ பூஞ்சணமோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது அளவில் குழப்பம் வரும். மால்டோஸ் சீனியைவிட மிகக் குறைவாகவே இனிக்கும், பாதி அளவுகூட இருக்காது. அதனால் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் மால்டோஸ் சீனியை மிஞ்சும். கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகில் ஐந்தில் ஒரு பங்கு இதைச் சேர்த்தால் சர்க்கரை பூத்துப் பொரபொரப்பாகாது. பாலில் விடுவதானால் அடுப்பை அணைத்து, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு விடுங்கள். இந்தப் பாகில் லேசான அமிலம் உண்டு. எலுமிச்சை சேர்த்திருந்தால் இன்னும் கூடுதல், கொதிக்கும் பால் திரிந்துவிடும்.